ஒற்றைப் பல் வெளுத்த பிள்ளைகள்

ஓசூரில் சனிக்கிழமை காலையில் டாக்டர் நாராயணப்பனின் பல் ஆஸ்பத்திரியை எட்டிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். உள்ளே பச்சை வர்ணம் அடித்த ஒரு குட்டை நாற்காலி. அதில் ஒரு சின்னக் குழந்தை. எதிரே முக்காலியில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு மனிதர். இரண்டு பேருடைய வலது கையும் ஒரு சிவப்புத் துண்டுக்குள் மறைந்திருக்கும். துண்டு மட்டும் அசையும். குழந்தை தலையை ஆட்டி மறுக்கும். மனிதர் நெற்றியைச் சுருக்குவார். மறுபடியும் துண்டு அசையும். பிறகு அவர், "சரி, படிஞ்சுது!" என்று உரக்கச் சொல்வார். குழந்தை வாயைத் திறக்கும்.

மாட்டுச் சந்தையில் தரகர்கள் இப்படித்தான் விலை பேசுவார்கள். விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே துண்டுக்குள் கையை விட்டு, விரல்களைப் பிடித்தே கணக்கைச் சொல்லிக்கொள்வார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சந்தையில் நடக்கிற இந்த வழக்கம் பல் ஆஸ்பத்திரிக்குள் எப்படி வந்தது? பலர் கேட்கிறார்கள். பலர் தங்களுக்குத் தோன்றியதைச் சொல்கிறார்கள். நான் அதே தெருவில் இருக்கிறவன். சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அந்த வெள்ளைக் கோட்டு மனிதரின் பெயர் நசீருதீன். டாக்டர் இல்லை. பல் பிடுங்க மாட்டார், ஊசி போட மாட்டார். பல்லைச் சுத்தம் செய்வது மட்டும்தான் அவருடைய வேலை. பல்லின் மேலே மஞ்சளாகப் படிந்து கல்லாக இறுகிப் போகிற காரையை, நுனி வளைந்த மெல்லிய கொக்கியால் சுரண்டி எடுப்பார். பிறகு வழவழப்பாக அரைத்த கல்மாவைத் தொட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவார். இதை அவர் கற்றுக்கொண்டது பட்டாளத்தில். யுத்த காலத்தில் பெங்களூரில் பட்டாளத்துப் பல் பிரிவில் கருவிகளைக் கொதிக்கவைக்கிற ஆளாகச் சேர்ந்தார். கை நிதானமாக இருக்கிறது என்று பார்த்து, பெரியவர்கள் இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஆனால் அவருக்குப் பல் பழக்கமானது பட்டாளத்துக்கும் முன்னாலேயே. அவருடைய தகப்பனார் கௌஸ் மொய்தீன் மாட்டுத் தரகர். வேப்பனப்பள்ளியிலிருந்து தளி வரைக்கும் அவரைத் தெரியாத சந்தை கிடையாது. மாட்டின் வயதைப் பல்லைப் பார்த்துத்தான் சொல்வார்கள். பால் பல் விழுந்து புதுப் பல் முளைத்தால் "ரெண்டு பல்லு போட்டுடுச்சு" என்பார்கள். அப்புறம் நாலு பல், ஆறு பல். எல்லாம் முளைத்துவிட்டால் "கடை சேந்துடுச்சு" என்பார்கள். நசீருதீன் பையனாக இருக்கும்போதே காளையின் வாயோரத்தில் விரலைவிட்டு, அது முட்டுவதற்குள் பல்லை எண்ணிவிடுவாராம்.

பட்டாளத்தில் அவர் கொக்கியைப் பிடித்த வாய்களில் முக்கால்வாசி கெட்டுப்போன வாய்கள். மீசைகூடச் சரியாக முளைக்காத சிப்பாய்களுக்கு ஈறு வீங்கிப் பல் ஆடும். சுத்தம் செய்யும்போதே சில பற்கள் கையோடு வந்துவிடும். "இவனுங்கள எல்லாம் அஞ்சாறு வயசுலயே யாராச்சும் புடிச்சு உக்கார வெச்சிருக்கணும்" என்று அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அந்த எண்ணம் அவரை விடவே இல்லை.

ஊருக்குத் திரும்பி டாக்டர் நாராயணப்பனிடம் வேலைக்குச் சேர்ந்ததும், கிருஷ்ணகிரியில் ஒரு சலூன்காரர் கழித்துப் போட்ட நாற்காலியை வாங்கி வந்தார். அதன் காலை அறுத்துக் குட்டையாக்கி, தலை சாய்க்கிற திண்டைக் கீழே இறக்கி, கிளிப்பச்சையில் வர்ணம் அடித்தார். அவர் மனைவி அதியா வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

"என்னங்க, பட்டாளத்துக்குப் போய்ப் படிச்சது சலூன் வேலைதானா? சொல்லியிருந்தா எங்க அண்ணனே கத்துக் குடுத்திருப்பானே!"

நாற்காலி வந்தது. குழந்தைகள்தான் வரவில்லை. விழப்போகிற பல்லுக்கு எதற்குச் சுத்தம் என்று ஊரில் எல்லாரும் கேட்டார்கள். குழந்தையின் வாயில் வீக்கம் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். அப்போது டாக்டரின் இடுக்கிக்குத்தான் வேலை இருக்கும். பச்சை நாற்காலி மாதக்கணக்கில் காலியாகவே கிடந்தது. அதன் மேல் டாக்டர் தம் குடையை வைக்க ஆரம்பித்தார்.

டாக்டர் நாராயணப்பன் நல்ல மனிதர். ஆனால் ஆஸ்பத்திரி சின்னது. பல் செட் கேட்டு வருகிற பெரியவர்கள் நாளுக்கு நாள் அதிகமாகிக்கொண்டிருந்தார்கள். செட் செய்வதற்கு ஒரு மேஜை போட இடம் இல்லை. ஒருநாள் அவர் நசீருதீனைக் கூப்பிட்டார்.

"நசீர், நான் சொல்றதக் கேட்டுக் கோவிச்சுக்காத. யுகாதி வரைக்கும் பாப்போம். அதுக்கு முன்னால வர்ற சனிக்கிழமைக்குள்ள புள்ளைங்க வந்தா, இந்த நாற்காலி இங்கயே இருக்கட்டும். வரலேன்னா அந்த எடத்துல மேஜை போடறேன். நீயும் அந்த மேஜைக்கே வந்துடு. சுண்ணாம்பு அச்செடுக்க எனக்கு ஆள் வேணும்."

அதற்கு என்ன அர்த்தம் என்று நசீருதீனுக்குத் தெரியும். காலையிலிருந்து சாயங்காலம் வரை வாயே இல்லாத பற்களோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தது அந்தச் சுண்ணாம்புக்குள் புதைந்துபோகும்.

"புள்ளைங்க இங்க வரலேன்னா நான் அங்க போறேன் டாக்டர்" என்றார். "புதன்கிழமை மட்டும் லீவு குடுங்க."

தளிப் பள்ளிக்கூடத்து வாத்தியார் தெரிந்தவர். புதன்கிழமை காலை பச்சை நாற்காலி பஸ்ஸின் கூரையில் ஏறியது. கண்டக்டர் ஏணியில் நின்றுகொண்டு கேட்டார்:

"என்ன பாய், தளியில புதுசா சலூனா? அங்க குளுருக்கு யாரும் மொட்டை அடிச்சுக்க மாட்டாங்க!"

"முடி இல்லப்பா, பல்லு!"

"பல்லுக்கும் கிராப்பு வெட்டுவீங்களா!"

பஸ் முழுக்கச் சிரிப்பு. நசீருதீனும் சிரித்தார். யார் கேலி செய்தாலும் கூடவே சிரித்துவிடுகிற குணம் அவருக்கு. அன்றைக்கு அந்தக் குணமே அவருக்கு வினையாக வந்தது.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார். நசீருதீன் ஸ்பிரிட் அடுப்பைப் பற்றவைத்து, தட்டில் கொக்கிகளைப் போட்டுக் கொதிக்கவைத்தார். "காப்பி போடறாரு" என்று ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் காதில் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. முதல் ஆளாகத் துணிந்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்தவள் கெம்பம்மா. ஏழு வயது. முன்பற்கள் விழுந்து, கீழே இரண்டு புதுப் பல் முளைத்திருந்தது. கரித்தூளாலும் செங்கல் பொடியாலும் அவசரமாகத் தேய்த்த வாய். புதுப் பற்கள் மேலேயே மஞ்சள் ஏறத் தொடங்கியிருந்தது.

"வாயத் தொற கண்ணு... ஆங், அப்படித்தான். கீழ ரெண்டு... மேல ஒண்ணு மொளைக்குது..."

வாய்விட்டு எண்ணுவது அவருடைய பழக்கம்.

அந்த நேரம் பார்த்துக் கெம்பம்மாவின் தகப்பனார் சென்னகிருஷ்ணன் வேடிக்கை பார்க்க வந்து வாசலில் நின்றார். அவருக்கு ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது.

"அட! நம்ம தரகர் கௌஸ் மொய்தீன் மவனாச்சே! அப்பன் மாட்டுக்குப் பல்லு பாக்கறாரு, மவன் மனுசனுக்குப் பாக்க வந்துட்டாரா? என்ன பாய், எம்பொண்ணு எத்தன பல்லு போட்டிருக்குது?"

நசீருதீன் சும்மா இருந்திருக்கலாம். கேலிக்குக் கேலி சொல்லித்தானே பழக்கம்! திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"ரெண்டு பல்லு போட்டுடுச்சுண்ணா! நல்ல சுழி, நல்ல வாய். தாராளமா சந்தைக்கு ஓட்டலாம்!"

அடுத்த நொடி அவருடைய ஆள்காட்டி விரலில் அந்த இரண்டு புதுப் பற்களும் இறங்கின. "யா அல்லா!" என்று கையை இழுத்தார். கெம்பம்மா நாற்காலியிலிருந்து குதித்து, "பேடா! வேண்டாம்! நான் வரமாட்டேன்! பேடா!" என்று கன்னடமும் தமிழும் கலந்து அலறிக்கொண்டு ஓடினாள். அவளைப் பார்த்து வரிசை கலைந்தது. வாசல் போதாமல் சில பிள்ளைகள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். வாத்தியார் பிரம்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். கொஞ்ச நேரத்தில் அந்த நீளக் கொட்டகையில் மிச்சம் இருந்தது பச்சை நாற்காலியும், கொதிக்கிற தண்ணீரும், விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு நின்ற நசீருதீனும்தான்.

"நான் வெளையாட்டுக்குத்தான கேட்டேன்!" என்றார் சென்னகிருஷ்ணன்.

"நானும் வெளையாட்டுக்குத்தாண்ணா சொன்னேன்" என்றார் நசீருதீன்.

குழந்தையைச் சமாதானப்படுத்தலாம் என்று இருவரும் வீட்டுக்குப் போனார்கள். கெம்பம்மா மாட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கொட்டகையில் ஒரு முளை காலியாக இருந்தது. அவளுடைய அம்மா வெங்கடம்மாள் விஷயத்தைச் சொன்னார்.

"போன சந்தையில பசவன வித்துட்டோம் பாய். காளைக்கன்னு. பொறந்ததுல இருந்து இவதான் புல்லு போட்டு வளத்தா. சந்தைக்கு இவளும் வந்திருந்தா. தரகர் வந்து கன்னு வாயத் தொறந்து பாத்தாரு. 'ரெண்டு பல்லு போட்டுடுச்சு, ஓட்டலாம்'னாரு. துண்டப் போட்டாங்க, பேசினாங்க, கயித்த மாத்திக் குடுத்துட்டாங்க. அன்னையில இருந்து இவ என்ன சொல்றா தெரியுமா? வாயத் தொறந்து பல்லு எண்ணுனா வித்துருவாங்களாம். பக்கத்து வூட்டுப் புள்ளைங்ககிட்ட எல்லாம் சொல்லி வெச்சிருக்கறா. நீங்க வந்து அதையே சொல்றீங்க!"

எங்கள் பக்கத்தில் கட்டுத்தறியில் நிற்கிற மாட்டின் வாயைக் காரணமில்லாமல் யாரும் திறக்க மாட்டார்கள். திறந்தால் அது விலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். இதைக் குழந்தைகளும் பார்த்துத்தானே வளர்கிறார்கள்? கெம்பம்மா நினைத்ததில் ஒரு தப்பும் இல்லை.

"அந்தத் தரகர் யாருக்கா?" என்று நசீருதீன் தயங்கிக் கேட்டார்.

வெங்கடம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "வேற யாரு? உங்க அப்பாதான்!"

அன்று மாலை ஓசூர் வீட்டில் கௌஸ் மொய்தீன் கட்டிலில் உட்கார்ந்து சாப்பாட்டுக்குக் காத்திருந்தார். மகனின் விரலில் கட்டைப் பார்த்ததும் என்ன என்று கேட்டார். கேட்டுவிட்டு, இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார்.

"நான் வாயத் தொறந்தா காளை அசையாம நிக்கும். நீ தொறந்தா புள்ள கடிச்சுட்டு ஓடுது. இதுக்கா பட்டாளத்துல சம்பளம் குடுத்தான் வெள்ளக்காரன்?"

"மாமா, காளைக்கு உங்களப் பத்தித் தெரியாது. அதான் நிக்குது" என்றார் அதியா, ரொட்டித் தட்டை வைத்துக்கொண்டே.

"வாப்பா, அந்தக் கன்னு எங்க போச்சு?" என்று நசீருதீன் கேட்டார்.

"கன்னா? மத்திகிரியில கரியப்பன் வாங்கினான். ஏர் ஓட்டத்தான். நல்லா வெச்சிருக்கான். எதுக்குக் கேக்குற, நீ அதுக்கும் பல்லு வெளக்கப் போறியா?"

மறுநாள் ஆஸ்பத்திரி முடிந்ததும் நசீருதீன் வாடகை சைக்கிளில் மத்திகிரிக்குப் போய், பசவனைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த புதன்கிழமை நாற்காலியோடு கூட, வாப்பாவின் சிவப்புத் துண்டையும் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

இந்தத் தடவை அவர் பள்ளிக்கூடத்துக்குள் போகவில்லை. எதிரே புங்க மரத்தடியில் நாற்காலியைப் போட்டு, அதில் தாமே உட்கார்ந்துகொண்டார். குழந்தை நாற்காலி. முழங்கால் இரண்டும் மோவாயைத் தொட்டன. அப்படியே வாயை ஆவென்று திறந்துகொண்டு இருந்துவிட்டார். ஒன்றும் பேசவில்லை, யாரையும் கூப்பிடவில்லை.

இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே வந்தார்கள். தூரத்தில் நின்றார்கள். இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தார்கள். அவர் வாயை மூடவே இல்லை.

"என்னாத்துக்கு இப்படிக் குந்தியிருக்கறாரு?" என்றது ஒரு குரல்.

"ஈ பூந்துடப் போவுது" என்றது இன்னொன்று.

நசீருதீன் வாயைத் திறந்தபடியே குழறினார்: "என்ன விக்கப் போறாங்க. யாராச்சும் பல்லு பாத்துச் சொல்லுங்க."

யாரும் அசையவில்லை. கடைசியில் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு கெம்பம்மா வந்தாள். ஒரு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, குனிந்து அவர் வாய்க்குள் பார்த்தாள். சந்தையில் தரகர் செய்ததை அவள் மறக்கவில்லை.

"நாக்கத் தூக்கு" என்றாள்.

தூக்கினார்.

"அந்தப் பக்கம் திரும்பு. கடைவாயில ஒண்ணக் காணமே?"

"பட்டாளத்துல போச்சு."

கெம்பம்மா நிமிர்ந்து, கூட்டத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னாள்: "கெழட்டு மாடு. கடை சேந்து, தேஞ்சும் போச்சு. இத யாரும் வாங்க மாட்டாங்க."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நசீருதீன் வாயை மூடி, தாடையைத் தடவிவிட்டுக்கொண்டார்.

"பாத்தியா கண்ணு? பல்லு எண்ணினாலும் என்ன யாரும் விக்கல. உன்னையும் யாரும் விக்க மாட்டாங்க. அன்னைக்கு நான் சொன்னது வெறும் வாய்க்கொழுப்பு. இனிமே உன் வாய நானாத் தொறக்க மாட்டேன். நீயே தொறக்கணும். எத்தன பல்லு சுத்தம் பண்ணணும்னு நீதான் சொல்லணும். யாருக்கும் கேக்காம, இதுக்குள்ள சொல்லு."

துண்டை உதறி நீட்டினார். வேலி ஓரத்தில் வெங்கடம்மாள் புல்லுக்கட்டோடு வந்து நின்றிருந்தார். கெம்பம்மா அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையை அசைத்தார். ஆனாலும் அவள் கையைக் கொடுக்கவில்லை.

"பசவன் எங்க?" என்று கேட்டாள்.

"மத்திகிரியில. கரியப்பன்னு ஒருத்தர் வூட்ல. நானே போய்ப் பாத்துட்டு வந்தேன்."

"பொய்யி."

"கழுத்துல மணி. மணிக்கு நீலக் கயிறு. அது நீ கட்டினதுதான?"

கெம்பம்மாவின் கை வாயிலிருந்து இறங்கியது.

"கயிறு அப்படியேவா இருக்குது?"

"அப்படியே இருக்குது. நான் போனப்ப கேவுரு தாளு மென்னுக்கிட்டிருந்தான். ஓசூர் ஆஸ்பத்திரிக்கு வர்ற வழிதான். உங்கப்பா வண்டி கட்டினா நீயே பாக்கலாம்."

அவள் இன்னொரு தடவை அம்மாவைப் பார்த்தாள். பிறகு துண்டுக்குள் கையை விட்டாள். நசீருதீனின் முகம் தரகர் முகமாக மாறியது. புருவத்தைத் தூக்கினார். உதட்டைப் பிதுக்கினார். "கட்டுபடி ஆவாது" என்றார். கெம்பம்மா அசையவில்லை. துண்டுக்குள் அவள் பிடித்திருந்தது ஒரே ஒரு விரல். அதை விடவும் இல்லை, கூட்டவும் இல்லை.

"மிச்சம்?" என்று அவர் மெல்லக் கேட்டார்.

"பசவனப் பாத்துட்டு."

"சரி, படிஞ்சுது!"

அன்றைக்கு அவர் செய்தது ஒரு பல். கீழே புதிதாக முளைத்த இரண்டில் ஒன்று. மெதுவாகக் காரையைச் சுரண்டினார், கல்மாவைத் தொட்டுத் தேய்த்தார், உப்புத் தண்ணீர் கொடுத்துக் கொப்புளிக்கச் சொன்னார். வலிக்கவில்லை. கூசியது, அவ்வளவுதான். சின்னக் கண்ணாடியை நீட்டினார். மஞ்சள் பற்களுக்கு நடுவில் அந்த ஒரு பல் மட்டும் பச்சரிசி மாதிரி வெளுத்து நின்றது. கெம்பம்மா அதை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வாயை இளித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஒரு சுற்று வந்தாள்.

அவ்வளவுதான், துண்டுக்குக் கூட்டம் கூடிவிட்டது. ஆனால் எல்லாருமே கெம்பம்மாவின் தோழர்கள். ஒரு விரலுக்கு மேல் யாரும் படியவில்லை. ஒரே ஒருவன் மட்டும் தாராள மனசோடு இரண்டு விரல் கொடுத்தான். மணி அடித்து வாத்தியார் விரட்டுகிற வரைக்கும் நசீருதீன் ஒவ்வொரு வாயிலும் ஒவ்வொரு பல்லாகச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

அடுத்த சில நாட்களில் தளியில் என்ன நடந்தது என்று வெங்கடம்மாள் சொல்லிக் கேட்டால்தான் சுவை. பிள்ளைகள் எல்லாம் ஒற்றைப் பல்லைக் காட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றினார்கள். சோறு தின்னும்போது அந்தப் பல் படாமல் தின்றார்கள். சிரித்தால் இருட்டு வீட்டில் ஒரு விளக்கு வைத்த மாதிரி இருந்ததாம். பெற்றவர்களுக்கோ அது கண்ணை உறுத்தியது. அந்த ஒரு பல் வெளுத்த பிறகுதான் மற்ற பற்கள் எவ்வளவு மஞ்சள் என்று அவர்களுக்குத் தெரிந்தது.

வெங்கடம்மாள் பஸ்ஸை நிறுத்திக் கண்டக்டரிடம் சத்தம் போட்டார்: "அந்தப் பல்லுக்கார பாய்கிட்டச் சொல்லுங்க! சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தவன் ஒரு கை அடிச்சுட்டுப் போனாப்புல போயிட்டாரு! ஊரே சிரிக்குது. மிச்சத்த யாரு செய்யறது?"

கண்டக்டர் அதை அப்படியே, இன்னும் கொஞ்சம் சேர்த்து, ஓசூரில் வந்து சொன்னார். நசீருதீனுக்கு அடுத்த புதன்கிழமை லீவு கிடைக்கவில்லை. யுகாதிக்குள் செட் வேண்டும் என்று பெரியவர்கள் வரிசையில் நின்றார்கள். "சனிக்கிழமை புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு ஓசூருக்கு வரச் சொல்லுங்கண்ணா. கண்டிப்பா வரச் சொல்லுங்க" என்று கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினார். சேதி போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. சேர்ந்தாலும் அறுவடை நாளில் யார் வண்டி கட்டிக்கொண்டு வரப்போகிறார்கள்?

அந்தச் சனிக்கிழமை வந்தது. யுகாதிக்கு முந்தைய சனிக்கிழமை. காலையிலேயே தச்சர் ஆஞ்சப்பன் புது மேஜையைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டார். நல்ல கனமான மேஜை. உள்ளே பச்சை நாற்காலி இருந்த இடத்துக்கு அளவு எடுத்துச் செய்தது.

"மத்தியானம் வரைக்கும் இருக்கட்டும் டாக்டர்" என்றார் நசீருதீன்.

"இருக்கட்டும்" என்றார் டாக்டர்.

நசீருதீன் கொக்கிகளைக் கொதிக்கவைத்தார். தண்ணீர் ஆறிப்போனது. மறுபடியும் கொதிக்கவைத்தார். தளி பஸ் வந்து போனது. அதில் பிள்ளைகள் யாரும் இல்லை. ஆஞ்சப்பன் மேஜையின் மேலேயே சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "என்ன பாய், உள்ள தூக்கிடலாமா?" என்று கேட்டார். மத்தியானமும் கழிந்தது.

டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, நசீருதீனின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "எடுத்துடுப்பா நசீர்."

நசீருதீன் நாற்காலியைத் தூக்கினார். வாசல்படிக்கு வெளியே, தெரு ஓரத்தில் கொண்டுவந்து வைத்தார். அதன் மேல் துண்டையும் போட்டார். ஆஞ்சப்பன் மேஜையின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மறுபக்கத்தை நசீருதீன்தான் பிடிக்க வேண்டும். அவர் குனிந்து கையைக் கொடுத்தபோது தெருமுனையில் மாட்டு மணிச் சத்தம் கேட்டது. அதோடு கூட ஒரு பெரும் கூச்சல்.

சென்னகிருஷ்ணனின் கூண்டு வண்டி வந்துகொண்டிருந்தது. அதில் எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. முன்னால், பின்னால், பக்கத்தில் என்று எங்கு பார்த்தாலும் தலையாகத் தெரிந்தது. எல்லாத் தலையும் இளித்துக்கொண்டு வந்தன. வெங்கடம்மாள் பின்னால் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்து, விழப்போகிற பிள்ளைகளை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"காலையிலயே கெளம்பிட்டோம் பாய்!" என்று சென்னகிருஷ்ணன் தூரத்திலேயே கத்தினார். "மத்திகிரியில இவ கன்னுக்குட்டிய விட்டு வரமாட்டேன்னுட்டா! கரியப்பன் கூழு ஊத்தி, வெல்லம் குடுத்து, அப்புறம் அவனே தூக்கி வண்டியில வெச்சுட்டான்!"

வண்டி நிற்பதற்குள் கெம்பம்மா குதித்தாள். ஓடிவந்து, தெரு ஓரத்தில் இருந்த பச்சை நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"ஏன் மாமா வெளிய போட்டிருக்கீங்க? இங்க வெயிலு."

நசீருதீன் இன்னும் மேஜையின் மூலையைப் பிடித்தபடியே நின்றார். சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். வண்டியிலிருந்து பொலபொலவென்று இறங்குகிற பிள்ளைகளைப் பார்த்தார். ஒவ்வொரு வாயிலும் ஒரு வெள்ளைப் பல். ஒரு வாயில் மட்டும் இரண்டு.

"நசீர்! என்னப்பா இது? எல்லாருக்கும் ஒரு பல்லு மட்டும்?"

"அட்வான்சு டாக்டர்" என்றார் நசீருதீன், மேஜையிலிருந்து கையை எடுத்துக்கொண்டே.

டாக்டர் நாராயணப்பன் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஆஞ்சப்பா, அந்த மேஜையப் பின்கட்டுக்குக் கொண்டு போ. அங்க போட்டுக்கலாம்" என்றார். பிறகு கோட்டுக் கையைச் சுருட்டிக்கொண்டு குனிந்து, பச்சை நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். "அந்தப் பக்கம் புடி நசீர்."

கெம்பம்மாவை இறக்கிவிடவில்லை. சாமி ஊர்வலம் போல இருவரும் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியேறினார்கள். பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனார்கள். நாற்காலி அதன் பழைய இடத்தில் இறங்கியது. நசீருதீன் கையைக் கழுவிக்கொண்டு, முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, துண்டை எடுத்து நீட்டினார்.

கெம்பம்மா துண்டைக் கையால் ஒதுக்கினாள்.

"அது வேண்டாம் மாமா. பசவனப் பாத்துட்டேன். கயிறு இருக்குது." ஒரு பெரிய வேலையை முடித்துவிட்டு வந்தவள் மாதிரி மூச்சு விட்டாள். "அவன் வாய மட்டும் யாரும் தொறக்கக் கூடாதுன்னு அந்த மாமாகிட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன்."

சொல்லிவிட்டுத் தலையைத் திண்டில் சாய்த்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். யாரும் சொல்லாமல், தானாகவே வாயைத் திறந்தாள்.